இருபத்திரண்டு படிகள்

தேவயானி இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்று வள்ளிநாயகி மிஸ் சொன்னதும் துளசிங்கத்துக்கு மகள் மேல் கோபம்தான் வந்தது.

காலையில் வகுப்பில் அவள் மயங்கிச் சரிந்துவிட்டாளாம். போன் வந்ததும், மார்க்கெட்டில் தான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் சொல்லிக்கொண்டு ஓடி வந்திருந்தான். வந்தால் இப்படி ஒரு சேதி. டிபன் பாக்ஸை தினமும் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறாளாம். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாளாம்.

"வீட்ல ஏதாவது பிரச்சினைங்களா?"

மிஸ் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் ஸ்டாஃப் ரூமில் இருந்த மற்ற இரண்டு டீச்சர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெற்ற பெண்ணுக்குச் சோறு போடாதவன் மாதிரி கூசிப்போய் நின்றான் துளசிங்கம்.

தேவயானிக்குப் பதினோரு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் பலம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சக்கர நாற்காலி இருக்கிறது. வீட்டில்தான் சிரமம். மாடி வீடு, இருபத்திரண்டு படிகள். காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஆட்டோவில் உட்கார வைப்பதும், சாயங்காலம் கடையிலிருந்து ஓடிவந்து மேலே தூக்கிப் போவதும் துளசிங்கத்தின் வேலை.

இரண்டு மாதம் முன்னால் ஒருநாள், பாதிப் படி ஏறுவதற்குள் அவனுக்கு முழங்கால் நடுங்கிவிட்டது. மகளோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு இரைத்தது. கீழ்வீட்டு கெங்கம்மாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. சமாளிக்கச் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"என்னா பண்றதுங்க, இவ நாளுக்கு நாள் கனத்துகினே போறா."

கெங்கம்மாளும் சிரித்தாள். மடியில் இருந்த தேவயானி மட்டும் சிரிக்கவில்லை.

கனத்தது யார் என்று துளசிங்கத்துக்குத் தெரியாதா? நாற்பத்து மூன்று வயது. கல்லாவில் உட்கார்ந்தபடி நாலு டீ, கூடவே போண்டா. சட்டையின் கடைசிப் பட்டனைப் போட்டே வருஷமாகிறது. மறுநாள் காலையே போனில் ஒரு வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு, ஹாலில் உடற்பயிற்சியை ஆரம்பித்துவிட்டான்.

முதல் நாள் மூன்று தண்டாலுக்கே கை மடங்கிவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி சுலோச்சனா, மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனாலும் விடவில்லை. உட்கார்ந்து எழுந்தான். தண்ணீர் கேனை மார்போடு அணைத்துத் தூக்கி இறக்கினான். போனைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்வது தேவயானியின் பொறுப்பு. அவள் கணக்கில் ஏமாற்றவே முடியாது. முட்டி சரியாக மடங்கவில்லையென்றால் அதைச் சேர்த்துக்கொள்ளமாட்டாள்.

மூன்றாவது வாரம் வித்தியாசம் தெரிந்தது. மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நடுவில் நிற்காமல் படி ஏறினான். இந்த வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே ஏற முடிந்தது. கெங்கம்மாளே ஆச்சரியப்பட்டு, உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே என்றாள். அந்தப் பெருமையைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

இப்போது ஸ்டாஃப் ரூமில் நிற்கும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. எல்லாம் அந்த வீடியோக்களால் வந்த வினை. ஒட்டிய வயிறும் ஒல்லி இடுப்புமாக வருகிற பெண்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, இவளுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. ராத்திரி நாலு இட்லி சாப்பிடுகிறவள் ஒன்றோடு எழுந்துகொள்கிறாள் என்று சுலோச்சனா சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. இவ்வளவு சின்ன வயதில் இப்படி ஒரு புத்தியா? போனை அவள் கையில் கொடுத்ததே தன் தப்பு என்று நினைத்தபோது மறுபடியும் அவமானமாக இருந்தது.

பக்கத்து அறையில் தேவயானி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் யாரோ கொடுத்த குளுக்கோஸ் தண்ணீர், பாதிக்கு மேல் மீதி. அப்பாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டத்தான் வந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒல்லியா ஆவணும்னு யாராவது பட்டினி கெடப்பாங்களா பாப்பா? நைனாவைப் பாரு. நான் சோத்தை வுட்டுட்டேனா? தெனம் ஒழைச்சேன். ஒடம்பு தானா வழிக்கு வந்துச்சு. இப்பல்லாம் உன்னைத் தூக்கினா பஞ்சு மாதிரி இருக்குது எனக்கு."

தேவயானி சட்டென்று நிமிர்ந்தாள். வெளுத்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நெஜமாவா நைனா? நான் இப்ப கனமா இல்லியா?"

"ஆங், இல்லவே இல்ல."

"அப்ப இனிமே நான் சாப்புடலாமா?"