சயாமில் ஓய்வெடுத்தவர்கள்

நாகப்பட்டினத்துப் பள்ளியொன்றுக்கு வரலாறு நடத்தப் புதிதாக வந்திருந்த மரகதவல்லி, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் என்ன ஆனார்கள் என்பது கேள்வி. நாற்பது பேரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: “களைத்துப்போய் ஓய்வெடுத்தார்கள்.”

பட்டினியாலும் காலராவாலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்றல்லவா அவர் பாடம் நடத்தியிருந்தார்?

பிள்ளைகள் வகுப்பில் பாடம் கேட்க மாட்டிக்கொள்ளும் செவிக்கருவியின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. யாழிசை என்ற மாணவியிடம் அதை வாங்கி, பதிவாகியிருந்த பாடத்தைக் கேட்டார். அவருடைய குரலேதான். ஆனால், அவர் சொல்லாததைச் சொன்னது.

கோபத்தோடு தலைமையாசிரியர் இளம்பரிதியிடம் போனார்.

“பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு கருவியே மாத்திச் சொல்லிடும் டீச்சர். முப்பது வருஷமா இங்க இதானே நடக்குது?”

“என் வாயில பொய்ய வைக்க நீங்க யாரு சார்?”

வகுப்புக்குத் திரும்பியவர் எல்லோரையும் கருவியைக் கழற்றச் சொன்னார். சயாமில் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். யாழிசை அழுதாள். பிறகு, “இத ஏன் மிஸ் எங்ககிட்ட மறைச்சாங்க?” என்று கத்தினாள்.

அதற்குள் தலைமையாசிரியர் ஓடிவந்துவிட்டார். “எல்லாரும் கருவிய மாட்டுங்க!”

யாழிசை எழுந்து நின்றாள். “அங்க செத்தவங்கள எங்க புதைச்சாங்க சார்?”

அவர் விழித்தார். “செத்தாங்களா? யாரு?”

அவரும் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டுதான் படித்திருந்தார்.