ஒரு மணி விசில்

"மத்தியானம் ஒரு மணிக்கு யாரைப் பார்த்து விசிலடிக்கிறே?"

ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"நானா?"

"நீதான். பால்கனியில நின்னுக்கிட்டு. தினமும்."

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. தெருவுக்கே தெரியுது, கட்டினவனுக்குத்தான் தெரியலை."

கத்தி மறுபடி நகர்ந்தது. "விசிலடிச்சா குத்தமா?"

"நீ அடிக்கிறது இருக்கட்டும். பதிலுக்கு எதிர்லேருந்து ஒருத்தன் அடிக்கிறானே, அதுக்கு என்ன சொல்றே?"

எதிரே பழைய கட்டடம். கீழே தூண்கள் வைத்த நீளமான நடைவழி. மேலே வளைவு வளைவாக ஜன்னல்கள். மூன்றாவது மாடியில் மட்டும் அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். எல்லாம் தனி ஆண்கள்.

"மூணாவது மாடி, கடைசி ஜன்னல். நீலச் சட்டை காயுது. அவன்தானே?"

"சட்டை கலர் வரைக்கும் சொல்லிட்டாங்களா? பொறுப்பான ஆளுதான்."

"சிரிக்காதே."

"நான் எங்கே சிரிச்சேன்? வெங்காயத்துக்கு அழுதுகிட்டு இருக்கேன்."

"நான் அங்கே ஆபீஸ்ல மாடா உழைக்கிறேன். நீ இங்கே விசிலடிக்கிறே, பதில் வருது. மறுபடி அடிக்கிறே. அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழேயே பார்த்துட்டு நிக்கிறே. அவன் இறங்கி வர்றானான்னுதானே?"

அவள் நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இல்லேன்னா உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு."

அவள் கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. மணியாகப் போகுது. நீங்களே பாருங்க."

பால்கனியில் வெயில் கூசியது. பழைய கட்டடத்தை ஒட்டி, தெரு வளையும் இடத்தில் புதிய கண்ணாடிக் கட்டடம். தெருவை முழுதாகத் தன் முகத்தில் வாங்கி வைத்திருந்தது. பேருந்து, மின்கம்பிகள், தூண்கள், எல்லாம் இடம்வலம் மாறி.

அவள் உதட்டைக் குவித்தாள். இரண்டு சுரம். இரண்டாவது சற்று மேலே.

கடைசி ஜன்னலிலிருந்து அதே இரண்டு சுரம் திரும்பி வந்தது.

"கேட்டியா? பட்டப்பகல்ல, நான் பக்கத்துல நிக்கும்போதே!"

"பொறுங்க."

மறுபடி அடித்தாள். நீலச் சட்டை அசைந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு மைனா வெளியே வந்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டி விசிலடித்தது. பறந்து போய்க் கண்ணாடிக் கட்டடத்தில் தெரிந்த இன்னொரு மைனாவோடு கொஞ்சம் சண்டை போட்டது. திரும்பி வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

கணவனின் தோள்கள் தளர்ந்தன.

"மைனாவா?"

"மைனாதான்."

"சே. நான் என்னென்னவோ... மனசுல வச்சுக்காதே."

"வச்சுக்கலை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பெரிதாகச் சிரித்தான்.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் இப்படிக் கத்தப்போறேன்? புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஒருத்தர் ஒண்ணை மறைச்சா, இன்னொருத்தருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?"

அவள் கீழே பார்த்தாள். நடைவழியில், ஓரத் தூணைச் சுற்றிப் புறாக்கள் நடந்துகொண்டிருந்தன. தரையில் கொத்த ஒன்றுமில்லை. ஆனாலும் போகவில்லை.

"பாவம், புறாங்க. இன்னிக்கு லீவுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன லீவு?"

"நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தத் தூணுக்குப் பின்னால நீங்க உட்கார்ந்தா இங்கேருந்து தெரியாதுதான். ஆனா கண்ணாடிக் கட்டடத்துல எல்லாம் தெரியுதுங்க. டப்பாவைத் திறக்கிறது, ஒரு வாய்கூடச் சாப்பிடாம புறாவுக்குப் போடறது, எட்டி எட்டி என்னைப் பார்க்கிறது."

அவள் குரல் தாழ்ந்தது.

"நான் விசிலடிச்சது உங்களைக் கூப்பிடத்தான். முந்திக்கிட்டுப் பதில் சொன்னது மைனா. வேலை போனதை நீங்க எப்போ சொல்லப்போறீங்க?"