மூன்றாவது ஓட்டை

"அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க, நாமதான்..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி எனக்கு மறந்துவிட்டது. ஒரு தோல்செருப்புக்கு மட்டும் மீதியும் தெரிந்திருந்தது.

அது சபேசனின் செருப்பு. அவருக்குப் பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு. மாத்திரை எழுதி வாங்க அவர் போகும்போதெல்லாம், அது டாக்டர் அறை வாசலில் கிடந்து உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கும்.

ஒரு நாள் சாயங்காலம் செருப்பின் வார் அவர் காலை அழுத்தியது.

"மழையில சுருங்கிட்டே. வாரில இன்னொரு ஓட்டை போட்டுடறேன்" என்றார் சபேசன்.

"இது மூணாவது ஓட்டைங்க. காலையில தொளதொளன்னு இருக்கேன், சாயங்காலம் மட்டுமா சுருங்குவேன்? வீங்குறது உங்க காலு."

குளியலறை வாசலிலிருந்து ரப்பர் செருப்பு குரல் கொடுத்தது: "அண்ணே, ஒண்ணுக்குப் போனா நுரை அடங்க மாட்டேங்குது, அதையும் சொல்லு."

"எனக்கு வலியே இல்லையேப்பா!"

"அதுதாங்க அவங்க பெருமை" என்றது தோல்செருப்பு. "உள்ளே சிறுநீரகம் ரெண்டும் ராப்பகலா ரத்தத்தை வடிகட்டுதுங்க. கொதிப்போட அடியை வாங்கிக்கிட்டு ஒரு நாளும் முனகினதில்ல. நான் ஒரு கல்லை மிதிச்சாலே கீச்சுன்னு கத்துறேன். சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிச்சாத்தான் அவங்க கஷ்டம் தெரியுமாம். அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் போய்க் கேக்கணும்."

சபேசன் குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்.