வீடு பார்க்க வந்தவர்கள்

கோலத்தை அழிப்பதா, விடுவதா?

அவள் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். ஆட்கள் வருகிறார்கள் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே போட்ட கோலம்தான். கூடவே காவியும் இழுத்திருந்தாள்.

"கோலம், காவின்னு போட்டு வெச்சா எவன்டி ஒன்னைய இல்லாதவன்னு எழுதுவான்?" அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாதியை அழித்தாள்.

மீதியை அழிக்கக் கை வரவில்லை. அழிந்த பாதி எதையோ மறைத்த மாதிரி இருந்தது.

அறக்கட்டளைக்காரர்கள் இன்றைக்கு வீட்டைப் பார்க்க வருகிறார்கள். மகள் நாகஜோதியின் டீச்சர் எழுதிப் போட்டு வருகிறவர்கள். நர்சிங் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் திங்கள்கிழமை முதல் மகளும் அவளோடு சாந்துச் சட்டி தூக்க வர வேண்டியதுதான். அப்பன் இல்லாத பிள்ளை. மேஸ்திரியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாயிற்று.

அதுவரைக்கும் புரிந்தது.

வருகிறவர்களுக்கு வீடு பிடித்தால் கொடுப்பார்களா, பிடிக்காவிட்டால் கொடுப்பார்களா? அதுதான் புரியவில்லை.

பெண் பார்க்க வந்தால் இருப்பதைக் காட்ட வேண்டும். இல்லாததை இரவல் வாங்கி வைக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

இது தலைகீழாக இருந்தது.

காலையில் அவளும் பஞ்சவர்ணமுமாக மிக்ஸியைத் தூக்கி அடுத்த வீட்டில் வைத்தார்கள். பிறகு டேபிள் ஃபேன். பிறகு இருந்த ஒரே நாற்காலி. பிறகு டிவி.

"அது கெட்டுக் கெடக்குக்கா."

"கெட்டதுன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு? தூக்குடி."

கடைசியாக நாகஜோதி படிக்கிற மேசை.

மகள் புத்தகங்களை இறக்கித் தரையில் அடுக்கினாள்.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

நல்ல சேலையைக் கட்டினாள். அவிழ்த்தாள். வேலைக்குக் கட்டுகிறதைக் கட்டினாள். கொசுவத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. முகம் சுளிப்பார்களோ என்று நல்ல சேலையை மறுபடியும் கையில் எடுத்தபோது, வாசலில் செருப்புச் சத்தம்.

சேலையைச் சுருட்டிக் குடத்துக்குப் பின்னால் தள்ளினாள்.

கண்ணாடி போட்ட ஒரு சார். தோளில் பையோடு ஓர் இளம்பெண்.

பாயை விரித்தாள். சார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினார். "அம்மாடி" என்று முனகினார். அவளுக்குக் கூசியது. அவளுடைய நாற்காலியில் இந்நேரம் பஞ்சவர்ணம் சாய்ந்திருப்பாள்.

சார் சுற்றிலும் பார்த்தார். எழுதினார். பார்த்தார். எழுதினார்.

"பாப்பா எங்கம்மா உக்காந்து படிக்கும்?"

இடம் இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? எதைச் சொன்னால் படிப்பு நிலைக்கும்?

 

"பக்கத்து வீட்டுல சார்," என்றாள் நாகஜோதி. "அங்கதான் மேசை இருக்கு."

பொய் இல்லை.

மகள் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இதுவும் பொய் இல்லை. ஆனால் நாகஜோதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாவம்," என்றார் சார். எழுதினார்.

பாவம் என்று அவர்கள் வாயால் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள். வந்துவிட்டது.

படிவத்தில் கடைசிப் பக்கம்.

இதற்கு சார் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கைகளை ஒரு தடவை பார்த்தார். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல்கள். மளமளவென்று எழுதினார். காகிதத்தை அவள் பக்கம் திருப்பித் தரையில் வைத்தார். இளம்பெண் பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்துத் திறந்தாள்.

"ரேகை வச்சிருங்கம்மா," என்றார் சார்.

அவள் குனிந்தாள்.

போன வருஷம்தான் எழுத்துப் படித்தாள். நாற்பத்தொரு வயதில், ரேஷன் கடைக்குப் பின்னால் நடந்த வகுப்பில், வேலை விட்டு வந்த அலுப்பில் கண் சொருகச் சொருக. இன்னும் கண்ணால் மட்டும் படிக்க வராது. உதடும் கூடவே போக வேண்டும்.

தா. யா. ர்.

தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

முழுசாகப் படித்துவிட்டாள். ஓர் எழுத்தில்கூடத் தட்டவில்லை.

ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது.

பிறகுதான் படித்தது என்ன என்று உறைத்தது.

தெரியும் என்று சொன்னால் மகளின் படிப்பு போய்விடுமா? ஒருத்தி எழுத்துக் கற்றது இன்னொருத்தியின் படிப்புக்குக் குறுக்கே வருமா? அப்படியெல்லாம் ஒரு சட்டம் இருக்குமா? யாரிடம் கேட்பது?

நாகஜோதி இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதம் இருந்த தரையை.

அவள் கட்டைவிரலை நீட்டினாள். மைக்கு ஒரு விரற்கடை மேலே அது நின்றுவிட்டது.

நிமிர்ந்தபோது இளம்பெண் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள்? படித்ததைக் கண்டுபிடித்துவிட்டாளா?

சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். இளம்பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, சத்தமே வராமல், ஸ்டாம்ப் பேடை மூடினாள்.

மூடியது நல்லதுக்கா, கெட்டதுக்கா?

நீட்டிய விரலை மடக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.