யோவ் தொட்டி!

"மாமாவோட செருப்பைக்கூட இன்னும் வாசல்லேர்ந்து எடுக்கல. அதுக்குள்ள இந்த மனுஷனுக்குக் கொழுப்பைப் பாரு!"

அம்மா ஒரு கை நிறைய ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். மாமா என்று அவள் சொன்னது, போன மாதம் இறந்துபோன என் தாத்தாவை. மனுஷன் என்று சொன்னது, மாடி வீட்டுக்காரரை.

மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டில். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால், அத்தனையும் கீழே எங்கள் பின்கட்டில் காய்கிற துணி மேல்தான் கொட்டும்.

தாத்தா இருந்தவரை தினமும் காலையில் இந்தக் கச்சேரி உண்டு. பின்கட்டில் நின்று, அண்ணாந்து பார்த்து ஆரம்பிப்பார்.

"யோவ் தொட்டி! வழியுதுய்யா! காதை என்ன அடகுக்கடையிலயா வெச்சிருக்கே?"

"நிறுத்தறேன்யா! நாலு சொட்டு பட்டா செத்தா போயிடுவே?"

மோட்டார் நிற்கும். தாத்தா போரில் ஜெயித்த ராஜா மாதிரி உள்ளே வந்து டீ குடிப்பார். வேறு எதுவும் அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்லை.

தாத்தா இறந்த அன்று தெருவே வந்தது. மாடி வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

"பத்துப் படி இறங்கி வர முடியலையாம் துரைக்கு" என்று அப்பா அன்றைக்கே பல்லைக் கடித்தார்.

இப்போது தொட்டி முன்பைவிட அதிகமாக வழிகிறது. கேட்க ஆளில்லை அல்லவா?

"நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று அப்பா கிளம்பினார்.

"நீங்க இருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தடி பாப்பே?" என்றாள் அம்மா.

நான் யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். தலைமையாசிரியை குரலில் பக்கத்து வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். அம்மா குரலில் அப்பாவுக்குப் போன் போட்டு ஐஸ்கிரீம் வாங்க வைத்திருக்கிறேன், பெரிய டப்பா. தாத்தா மாதிரி தாத்தாவிடமே பேசிக் காட்டினால், "கழுதை, நான் இவ்வளவு கர்ணகடூரமாவா கத்தறேன்?" என்று கத்துவார்.

மறுநாள் காலை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பேய் என்று நினைத்து மனுஷன் அலற வேண்டும், அதுதான் திட்டம்.

"யோவ் தொட்டி! வழியுதுய்யா!"

சட்டென்று மோட்டார் நின்றது. மேலே கப்சிப்.

அலறல் சமையலறையிலிருந்துதான் வந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமாடி?"

"மோட்டார் நின்னுச்சா இல்லையா?"

நின்றது. ஆனால் அடுத்த நாளும் வழிந்தது. நானும் கத்தினேன், நின்றது. அதற்கடுத்த நாளும் அதே கதை. பேய்க்குக்கூட பயப்படாத ஆளை நான் என்ன செய்ய?

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பொறுமை இழந்தார். தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் படியேறிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாடி வீட்டுக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. உள்ளே, பின்பக்க ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை சுவிட்சின் மேலேயே இருந்தது.

"ஏன் சார், கண்ணு முன்னாடி கொட்டுது. கையும் சுவிட்சுலதான் இருக்கு. அழுத்தறதுக்கு என்ன கேடு?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ இங்கேயா இருக்கே? அதான் இன்னும் கீழேர்ந்து கூப்பிடல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் சுவிட்சை அணைத்தார்.

"கடைசி நாள் காலையிலயும் கூப்பிட்டான்ப்பா. நானும் வழக்கம்போல வாயை விட்டேன், 'செத்தா போயிடுவே?'ன்னு. மத்தியானம் தூக்கத்துலயே போயிட்டான். அப்புறம் எந்த மூஞ்சியோட நான் கீழ வருவேன்?"

அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நழுவப் பார்த்தேன்.

"இந்தாம்மா, குரல் அச்சு அசல் அவன்தான். ஆனா 'யோவ்'க்கு முன்னாடி ஒரு இருமல் இருமுவான். அதை விட்டுடறே."

மறுநாள் காலை. அம்மா கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் காயவே இல்லையேம்மா?"

"உள்ள போட்டுக்கலாம். நீ உன் வேலையைப் பாரு, வழிய ஆரம்பிச்சாச்சு."

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளியவில்லை. தாத்தா நிற்கிற இடத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தேன். முதலில் நன்றாக இருமினேன்.

"யோவ் தொட்டி! வழியுதுய்யா!"

மோட்டார் நின்றது. இத்தனை நாளில் முதல்முறையாக மேலேயிருந்து பதிலும் வந்தது.

"நிறுத்திட்டேன்யா. நீ உள்ள போ... நனையாதே."