இரண்டாம் டம்ளர்

வகுப்பறை வாசலில், கையில் ஒரு கண்ணாடி டம்ளரோடு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர வந்த பிள்ளையைப் போல நின்றார் லிஃப்ட் மெக்கானிக்.

இன்னொரு டம்ளர் அவர் மனைவியின் மகள் கையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி.

இரண்டு டம்ளரிலும் ஈரப் பஞ்சு. பஞ்சின்மேல் அவரை விதைகள். இரண்டிலும் வெள்ளை வேர் இறங்கி, முளை கழுத்தை வளைத்துக்கொண்டு எழுந்திருந்தது.

முதல் டம்ளரில் விதைகள் தானாக முளைத்தன. இரண்டாவது இவருடைய கைங்கரியம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை அவள் இவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. வாங்க, போங்க எல்லாம் உண்டு. ஆனால் எல்லாமே மொட்டையாகத்தான். சாப்பாடு ஆறுகிறது என்பதைக்கூட சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

பெற்ற அப்பாவின் முகம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த இடத்தை இவர் கேட்கவில்லை, பாவம். அங்கிள் என்றாவது, மாமா என்றாவது, ஏதாவது ஒன்று சொல்லிக் கூப்பிட மாட்டாளா என்று மனுஷன் ஏங்கிப்போயிருந்தார்.

போன வாரம் சமையலறை ஜன்னலில் இந்த டம்ளர்கள் வந்து உட்கார்ந்தன. எதற்கென்று அவள் அம்மாவிடம் சொல்லியிருப்பாள். இவரிடம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முதல் டம்ளரில் விதை பிளந்தது. இரண்டாவதில் அசைவே இல்லை. அவள் தினமும் காலையில் அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

முளைக்கவில்லையே என்று பிள்ளை கவலைப்படுகிறது என்று இவர் முடிவுகட்டிவிட்டார். நின்றுபோன எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஆள் இவர். விருந்துக்குப் போன வீட்டில் ஓடாத ஃபேனைக் கண்டாலும் முதலில் ஸ்டூல்தான் கேட்பார்.

மிச்சமிருந்த விதைகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டுபோய், வேலை பார்க்கும் கட்டடத்தின் மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் மெஷின் ரூமில், சாப்பாட்டு டப்பா மூடியில் ஈரப் பஞ்சு போட்டு வைத்தார். அந்தச் சூட்டுக்கு அவை மளமளவென்று முளைவிட்டன. என்ன இது என்று கேட்ட சக மெக்கானிக்கிடம், சுகருக்கு நல்லதாம் என்று ஒரு புளுகு புளுகிவைத்தார்.

இன்று காலை, வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன், காதும் காதும் வைத்த மாதிரி விதைகளை மாற்றிவிட்டார். பழைய விதைகள் கொழகொழவென்று இருந்தன. அழுகித் தொலைத்துவிட்டன என்று முனகிக்கொண்டே குப்பைக்கூடையில் போட்டார்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். இன்னும் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

இவர் ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"ரெண்டையும் நான் ஒருத்தியா தூக்கிட்டுப் போக முடியாது. கூட வர்றீங்களா?"

அதுவும் மொட்டைதான். ஆனாலும் அவள் இவரிடம் கேட்ட முதல் உதவி அது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் குலுங்கிய குலுக்கலில் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவள் இவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டையும் டீச்சரின் மேஜைமேல் வைத்தாள். டீச்சர் இரண்டாவதைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது? வேகவெச்ச விதை எப்படி முளைக்கும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வாசலில் நின்றவருக்கு அப்போதுதான் விளங்கியது. உயிருள்ள விதைதான் முளைக்கும், வெந்த விதை முளைக்காது என்று காட்டுவதற்காகவே வேகவைத்துப் போட்ட விதைகள் அவை. முளைக்காமல் கிடப்பதுதான் அவற்றின் வேலை. தினமும் காலையில் அவள் கன்னத்தில் கைவைத்து நின்றது கவலையில் இல்லை, கவனிப்பதற்காக.

அடப்பாவி மனுஷா! பிள்ளையின் ஒரு வார உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. இனி அங்கிளும் கிடையாது, மாமாவும் கிடையாது. சுவரைப் பார்த்தாவது பேசிக்கொண்டிருந்தவள், இனி அதையும் நிறுத்திவிடுவாள். அப்படியே நழுவிவிடலாமா என்று பார்த்தார்.

அவள் பதறவில்லை. பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஈரப் பஞ்சில் அதே கொழகொழ விதைகள். இவர் குப்பையில் போட்டவை. பொறுக்கிக் கழுவி எடுத்து வந்திருக்கிறாள்.

"வேகவெச்சது இதுதான் மிஸ். முளைக்கல."

டீச்சர் டப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இரண்டாம் டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அது எங்கப்பா முளைக்க வெச்சது மிஸ். சும்மா காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

ஒரு டம்ளரும் ஒரு டப்பாவும்தான் என்றால் அவள் ஒருத்தியே வந்திருக்கலாமே என்பது இவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எந்தக் கட்டடத்திலோ லிஃப்ட் நின்றுவிட்டது போலிருக்கிறது.

கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.