டேங்க்கின் அடியில்

கோகிலா வேன் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

மறுபடியும் திருப்பினாள். சுற்றியது, அவ்வளவுதான்.

வேனின் பின்பக்கம் நாற்பது பிளாஸ்டிக் பைகள். பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்சிஜன், உள்ளே கெண்டைக் குஞ்சுகள். மேலே ஈரச் சாக்கு. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இந்த வெயிலில் நின்றால் பைத் தண்ணீர் சுட ஆரம்பிக்கும்.

குஞ்சுகளை விட வேண்டிய குளத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

"ஏனம்மிணி, பெட்ரோல் தீந்துபோச்சா?"

பக்கத்து சீட்டில் நாச்சிமுத்து. குளம் அவருடையது. முதல் முறையாக மீன் விடப் போகிறார்.

"முள்ளு பாதிக்கு மேல நிக்குதுங்ணா."

ஹாரனை அழுத்திப் பார்த்தாள். பலமாக அலறியது. அப்படியென்றால் பேட்டரியில் குறை இல்லை. பெட்ரோல் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. பின்னே எது வரவில்லை?

"கொஞ்சம் பேசாம இருங்ணா."

சாவியைப் பாதி மட்டும் திருப்பிக் காதைக் கொடுத்தாள்.

மீன் பண்ணையில் ஏழு வருஷம், தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவள். எந்த மோட்டார் நாளைக்கு நிற்கும் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். இந்த வேனிலும் ஒன்று உண்டு. சாவி போட்டதும் பின்னால், டேங்க்குக்குள், பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் இரண்டு நொடி முனகும்.

இன்று முனகவில்லை.

பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். கம்பி முழுசாக இருந்தது. பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலே கெட்டிருக்குமோ என்று, நன்றாக இருந்த ஹாரனின் ரிலேயைப் பிடுங்கிப் பம்ப்புக்கு மாட்டினாள். அப்போதும் சத்தமில்லை.

பயம் இருந்தது. ஆனாலும், விட மனசில்லாமல் ஏதோ ஒன்று அவளை மேலே மேலே இழுத்தது. கரண்ட் வந்தும் பம்ப் சுற்றவில்லை என்றால் அதன் மோட்டார் சிக்கிக்கொண்டிருக்கிறது. பண்ணையில் சிக்கிய மோட்டாரை என்ன செய்வாள்?

ஒரு தட்டு.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, டயருக்குக் கல் வைத்தாள். சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும் மரக்கட்டையை எடுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

தார் முதுகைச் சுட்டது.

டேங்க்கின் தகரத்தில் எங்கே தட்டுவது என்று தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை.

நடுவில், ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்குகள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பழைய ஒடுக்குகள். சில துருவேறி, சில இன்னும் பளபளப்பாக.

கட்டையின் முனையை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அவள் கணவன் தனபால். கால் முறிந்து நாலு மாதமாகக் கட்டிலில் இருக்கிறான். அதற்கு முன் ஆறு வருஷம் இந்த வேனை அவன்தான் ஓட்டினான். அவளும் கூடப் போன நாட்களில் வண்டி எத்தனையோ முறை வழியில் நின்றிருக்கிறது. "நீ எறங்காத, டயரப் பாத்துட்டு வரேன்" என்று பின்னால் போவான். கையைத் துடைத்துக்கொண்டு வருவான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

"எங் கைக்குத்தான் இது ஓடும். உனக்குப் படியாது" என்பான்.

ஆறு வருஷமும் நம்பியிருந்தாள்.

"அம்மிணி, என்னாச்சு?" மேலேயிருந்து நாச்சிமுத்துவின் குரல்.

"ஒண்ணுமில்லீங்ணா. சாவியத் திருப்புங்க. கியர்ல மட்டும் கை வெச்சுறாதீங்க."

ஒடுக்கின் மேல் ஓங்கித் தட்டினாள். இன்னொரு தட்டு.

டேங்க்குக்குள் பம்ப் முனகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

குளத்தில் பைகளை மிதக்கவிட்டபோது குஞ்சுகள் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன. பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று நாச்சிமுத்துவும் அவளும் கரையில் காத்திருந்தார்கள். வேனை அவள் அணைக்கவில்லை.

போன் அடித்தது. தனபால்.

"போய்ச் சேந்துட்டியா கோகிலா?"

"சேந்துட்டனுங்க மாமா."

"வழியில எங்கயும் நிக்கலையே?"

உள்ளங்கையைப் பார்த்தாள். துரு ஒட்டியிருந்தது.

"இல்லீங்க."



"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட நிக்கலீங்க."

அவன் தொண்டையைச் செருமினான்.

"வரும்போது... ஒருவேள நின்னுச்சுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

அவள் நாச்சிமுத்துவை விட்டு நாலு எட்டுத் தள்ளிப் போனாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நின்னுச்சுன்னா?" என்றாள்.